மருமகள் நடக்கப் போகட்டும்
கிணத்துக்கடவு வட்டாரத்து மாமியார்களுக்கு ஒரு திறந்த மடல்

அக்காமார்களே, தங்கச்சிமார்களே,

கிணத்துக்கடவிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும், தோட்டத்துச் சாளைகளிலும் மருமகளோடு ஒரே வீட்டில் இருக்கிற மாமியார்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு என்னைத் தெரிந்திருக்கும். உங்கள் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டு, அழ வைத்து, அவர்கள் கண்ணில் எமனாகத் தெரிந்த நர்சம்மா நான்தான். இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. எனக்கும் இரண்டு மருமகள்கள். அதனால் வெளியாள் வந்து புத்தி சொல்கிறாள் என்று நினைக்க வேண்டாம்.

நம் பக்கம் ஒரே வீதியில் இரண்டு வீடு இருக்கும். முதல் வீட்டில் கல்யாணமாகி இரண்டு வருசமாகியும் குழந்தை நிற்கவில்லை. மாமியாருக்கு யாரோ ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார்கள்: ‘கர்ப்பப்பைக்கு ரத்தம் பாய்ச்சும் ஐந்து ஆசனங்கள்’. விடியக்காலை அந்தப் பெண் சுவரில் காலைத் தூக்கிச் சாய்த்து மல்லாந்து கிடக்கிறாள். மாமியார் நிலைப்படியில் காப்பி டம்ளரோடு நின்று, “இன்னும் அஞ்சு நிமிசம் இரு அம்மிணி” என்கிறார். அடுத்த வீட்டில் நேர்மாறு. அங்கே மருமகள் ஸ்கூட்டி எடுக்கக் கூடாது, கோயில் மைதானத்தில் கும்மி பழகப் போகக் கூடாது. “குதிச்சா கர்ப்பப்பை எறங்கீரும், அப்பறம் எப்படி நிக்கும்?” என்பது அந்த வீட்டுச் சட்டம்.

முதல் வீட்டு அக்காவுக்கு உடற்பயிற்சி மருந்து, இரண்டாம் வீட்டு அக்காவுக்கு அது விஷம். ஆனால் கருப்பை அசைந்தால்தான் ஏதோ நடக்கும் என்ற எண்ணம் இருவருக்கும் பொது. நான் சொல்ல வருவது இதுதான்: மருமகள் நடக்கட்டும், ஆடட்டும், வேர்க்க விறுவிறுக்க வேலை செய்யட்டும். அது அவள் சினைப்பைக்கு நல்லது, சிலருக்கு ரொம்பவே நல்லது. ஆனால் அந்த நன்மை கருப்பைக்கு ரத்தத்தைத் தள்ளுவதால் வருவதில்லை.

ரத்தக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். கருப்பைக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் இடுப்பின் உள்தமனியிலிருந்து பிரிகிறது. சினைப்பைக்கான குழாய் அதற்கும் மேலே, சிறுநீரகத் தமனிக்குச் சற்றுக் கீழே, உடம்பின் பெருந்தமனியிலிருந்தே நேராக இறங்குகிறது. இரண்டும் வழியில் ஒன்றோடொன்று கை கோத்தும் கொள்கின்றன. ஆரோக்கியமான ஒரு பெண்ணுக்கு அங்கே ரத்தப் பஞ்சம் கிடையாது. கருப்பையின் உள்சவ்வு மாதாமாதம் தடிப்பதும் உதிர்வதும் ஹார்மோன் கட்டளைப்படி நடக்கிறது. காலை எவ்வளவு உயரம் தூக்கினோம் என்பதற்கு அதில் பங்கில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். வேகமாக ஓடும்போது உடம்பு என்ன செய்கிறது? பி.ஏ.பி. வாய்க்காலில் ஒரு மண்டலத்துக்குத் தண்ணீர் முறை வரும்போது மற்ற மண்டலத்து மடையை அடைத்து வைக்கிறார்கள் இல்லையா, அதேதான். ஓடுகிற கால் தசைக்கும், சூட்டை வெளியேற்ற வேண்டிய தோலுக்கும் ரத்தத்தைத் திருப்பிவிட்டு, வயிற்றுக்குள் இருக்கும் உறுப்புகளுக்கு அந்த நேரத்துக்குக் குறைத்துவிடுகிறது. ஓட்டம் நின்றதும் பழையபடி வந்துவிடும். ‘பயிற்சி செய்தால் கர்ப்பப்பைக்கு ரத்தம் கூடும்’ என்று வீடியோவில் சொல்கிறவர்கள் இந்த மடை திருப்புகிற விஷயத்தைச் சொல்வதில்லை. கருத்தரிப்பு மையங்களில் டாப்ளர் ஸ்கேன் வைத்துக் கருப்பை ரத்த ஓட்டத்தை அளந்து பார்ப்பது உண்மை. அது கூடட்டும் என்று மாத்திரை கொடுத்துப் பார்த்தவர்களும் உண்டு. அந்த மாத்திரைகளின் பலனே இன்னும் உறுதிப்படாமல் கிடக்கிறது. சுவரில் காலைச் சாய்ப்பதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்த கதையைச் சொல்லி நம் பாட்டிமார் சிரித்தார்கள். இப்போது அதே மரத்துக்கும் ‘விஞ்ஞானம்’ ஒட்டி வாட்ஸப்பில் சுற்றுக்கு விடுகிறார்கள்: அரசங்காற்று கர்ப்பப்பையைத் தூண்டுமாம். சாமிக்காகச் சுற்றுகிறவர்கள் தாராளமாகச் சுற்றுங்கள். வேகமாகச் சுற்றினால் நடைக்கணக்கிலும் சேரும். காற்றின் பெயரால் கதை மட்டும் வேண்டாம்.

அப்படியானால் உடற்பயிற்சி எங்கேதான் வேலை செய்கிறது? தொடையிலும் கெண்டைக்காலிலும்.

குழந்தை நிற்கவில்லை என்று ஸ்கேன் எடுக்கப் போன எத்தனையோ பெண்கள் ‘நீர்க்கட்டி’ என்று எழுதிய சீட்டோடு திரும்புகிறார்கள். பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் நூற்றுக்கு 10 முதல் 13 பேருக்கு இந்தக் கோளாறு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. மாதவிடாய் 2 மாதம், 3 மாதம் தள்ளிப் போகும், முகவாயில் முடி வளரும், பிடரி கறுக்கும். ஸ்கேனில் தெரிகிற அந்தச் சின்னச் சின்ன வட்டங்கள் கரைக்க வேண்டிய கட்டிகள் இல்லை. பாதி வளர்ந்து நின்றுபோன முட்டைப் பைகள் அவை. ஏன் நின்றன? இந்தப் பெண்களில் பலருக்கு உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை. அதனால் கணையம் இன்னும் கூடுதலாக இன்சுலினைச் சுரக்கிறது. அந்த மிகுதி இன்சுலின் சினைப்பையைச் சீண்டி, ஆண் ஹார்மோனை அதிகமாகச் சுரக்க வைக்கிறது. முட்டை முழுசாக வளர்ந்து வெடிக்காமல் நடுவழியில் நின்றுவிடுகிறது.

வேலை செய்கிற தசைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. இன்சுலின் வந்து கதவைத் தட்டாமலேயே ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை அது இழுத்துக்கொள்ளும். தினமும் நடந்தால் இன்சுலின் மிகுதி மெல்லக் குறையும். சினைப்பையின் மேல் இருந்த அழுத்தம் தளரும். சிலருக்கு முட்டை பழையபடி வெளிவர ஆரம்பிக்கும், மாதவிடாய் நாள் கணக்குக்குள் வரும். எடை கூடிய பெண்களுக்கு நூற்றுக்கு 5 கிலோ வீதம் இறங்கினாலே மாற்றம் தெரிவதுண்டு. அதாவது 80 கிலோ இருப்பவருக்கு 4 கிலோ. எடை இறங்காவிட்டாலும் நடை வீண் போகாது, இன்சுலின் கணக்கு தனியாக ஓடிக்கொண்டிருக்கும். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், அதாவது ஐந்து நாள் அரை மணி நேரம், கூடவே இரண்டு நாள் தசைக்குப் பலம் சேர்க்கிற பயிற்சி என்பதுதான் இந்தக் கோளாறுக்கான சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல்.

இது ஏதோ சில வீட்டுச் சமாச்சாரம் என்று தள்ளிவிட வேண்டாம். 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அளவுக்கு மீறிய எடையோடு இருந்தார்கள். அதற்கு முந்தைய ஆய்வில் அது 31 பேர். அம்மியும் ஆட்டுக்கல்லும் பொடக்காலிக்குப் போய்விட்டன. சந்தைக்குப் போக வண்டி, முக்குக்கடையில் கொத்தமல்லி வாங்கவும் வண்டி.

“வீட்டு வேலையே உடற்பயிற்சி தானுங்களே?” என்று கேட்பீர்கள். எல்லா வேலையும் இல்லை. சோறாக்குவதும் பாத்திரம் கழுவுவதும் நாளெல்லாம் நின்று கால் கடுக்க வைக்கிற வேலைகள், மூச்சு வாங்க வைக்காதவை. வேகமாக நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் அளவு. தென்னந்தோப்பில் மட்டை இழுத்துப் போடுகிறவளுக்கும், தக்காளிக் கூடையைத் தலையில் வைத்து வரப்பில் நடக்கிறவளுக்கும் அந்த அளவு தானாக வந்துவிடும். அவர்களை ‘வாக்கிங் போ’ என்று நான் சொல்ல மாட்டேன், உட்கார்ந்து நல்லாச் சாப்பிடச் சொல்வேன். காலை முதல் இரவு வரை அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே சுற்றுகிற மருமகளுக்குத்தான் தனியாக ஒரு நேரம் வேண்டும்.

பாடுவது என்றதும் கும்மி நினைவுக்கு வருகிறது. கும்மி பழகியவர்கள், வாத்தியார் பாட்டை எடுத்துவிட வட்டம் சுற்றி ஆடிக்கொண்டே பின்பாட்டும் பாடிவிடுவார்கள். அந்த அளவுகோல் அவர்களிடம் தோற்றுப்போகும்!

கும்மியைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் நம் பக்கத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தோன்றவில்லை. ஒரு கோயில் மைதானத்தில் சாயங்காலம் நின்று பாருங்கள். முன்னால் ஒரு அடி, குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு, அரைவட்டம் திரும்பி ஒரு குதி, பின்னால் இரண்டு அடி. முதல் பாட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். மூன்றாம் பாட்டில் முந்தானையை இழுத்துச் செருகுகிறார்கள். ஐந்தாம் பாட்டில் சத்தம் அடங்கி, சலங்கையும் மூச்சும் மட்டும் கேட்கின்றன. இடுப்பு, தொடை, முதுகு, தோள் என்று எதுவும் சும்மா இருப்பதில்லை. பட்டணத்தில் மாதக் கட்டணம் கட்டி, கண்ணாடிக் கூடத்தில் சினிமாப் பாட்டுக்கு ஆடுகிறார்களே, அதற்கு இது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. கூட்டமாக ஆடுவதால் பாதியில் விட்டுப் போகிறவர்களும் குறைவு.

இந்த வள்ளி ஒயில் கும்மி நெடுங்காலம் ஆண்கள் மட்டும் ஆடியது. மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்திரப்பன் ஐயா அந்த வழக்கத்தை உடைத்துப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். 87 வயதில், 2024ஆம் ஆண்டு, அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்தார்கள். அதே வருசம் பெருந்துறையில் சுமார் 16,000 பெண்கள் ஒரே நேரத்தில் கும்மி ஆடினார்கள். அவ்வளவு பேரும் யாரோ ஒரு வீட்டு மருமகள், மகள், மாமியார். யாருக்கும் கர்ப்பப்பை கழன்று விழுந்ததாகச் செய்தி வரவில்லை. கருப்பையை இடுப்பெலும்போடு கட்டி நிறுத்த நார்களும், கீழே தாங்க ஒரு தசைத் தளமும் இருக்கின்றன. குதித்தால் இடம் மாறுகிற பொருள் இல்லை அது. அடிக்கடி பிள்ளை பெற்று, பிரசவம் இழுத்துக் கஷ்டப்பட்டு, வயதும் ஏறிய பிறகே பெரும்பாலும் அது இறங்கும். அந்தக் கவலை மருமகளைவிட நமக்குத்தான் பொருந்தும்.

சொல்லத்தான் வேண்டும், அதனால் கூச்சத்தை விட்டுச் சொல்கிறேன். இருமினால், தும்மினால், குடம் தூக்கினால் துளி சிறுநீர் கசிகிறதே, அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? இடுப்புத் தளத் தசைகளை இறுக்கி விடுகிற பயிற்சியை 1948இல் ஆர்னால்டு கெகல் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிவைத்தது இதற்காகத்தான். சிறுநீரை அடக்குவதுபோல உள்ளே இறுக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, விட வேண்டும். மூச்சை மட்டும் பிடிக்கக் கூடாது. ஒரு வேளைக்குப் பத்து, நாளுக்கு மூன்று வேளை. சீரியல் பார்த்துக்கொண்டே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. ‘குழந்தை நிற்க’ என்று சொல்லி இதையே மருமகளுக்கு விற்கிறார்கள். அதற்கும் முட்டைக்கும் சம்பந்தமில்லை. இந்தப் பயிற்சி நமக்கானது. இரண்டு மூன்று மாதத்தில் பலன் தெரியும்.

ஆசனங்களையும் நான் பழிக்கவில்லை. பொள்ளாச்சி ரோட்டோடு போனால் ஆழியாறில் வேதாத்திரி மகரிஷியின் அறிவுத்திருக்கோயில். நம் ஊர்ப் பெண்கள் எத்தனையோ பேர் மனவளக்கலை கற்றவர்கள். மூட்டு இலகுவாகிறது, மனசு அமைதியாகிறது என்று அவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். குழந்தைக்காகக் காத்திருக்கும் வீட்டில் அமைதி சாமான்யமான சரக்கில்லை. மூச்சு வாங்குகிற நடையையும் அதோடு சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இனி கசப்பான பகுதி. நடை எல்லாவற்றையும் சரி செய்யாது. கருக்குழாய் அடைத்திருந்தால் எத்தனை கும்மி ஆடினாலும் அது திறக்காது. நம் நாட்டில் அந்த அடைப்புக்குப் பின்னால் பல நேரம் வெளியே தெரியாத காசநோய் ஒளிந்திருக்கும். தைராய்டு கோளாறுக்கு மாத்திரை வேண்டும். மாதவிடாய் வலியில் சுருண்டு படுக்கிற பெண்ணை ‘எல்லாருக்கும் வர்றதுதான்’ என்று விடாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும், அது கருப்பைச் சவ்வு இடம் மாறி வளர்கிற நோயாக இருக்கலாம். வயதையும் நடந்து குறைக்க முடியாது. எடை கூடி, காரணமும் பிடிபடாமல் குழந்தையில்லாத 379 பெண்களை வைத்து அமெரிக்காவில் ஒரு ஆய்வு நடத்தி 2022இல் வெளியிட்டார்கள். சிகிச்சைக்கு முன் ஒரு பாதிக்குக் கடும் உணவுக் கட்டுப்பாட்டோடு பயிற்சி, மறுபாதிக்கு எடையைப் பற்றிக் கவலைப்படாமல் பயிற்சி மட்டும். முதல் அணி எடை குறைத்தது, உடல்நலக் கணக்கும் மேம்பட்டது. குழந்தைக் கணக்கில் மட்டும் இரண்டு அணிக்கும் வித்தியாசமில்லை. ஆகவே ‘இத்தனை கிலோ குறைச்சா இத்தனாம் மாசம் நிக்கும்’ என்று பேக்கேஜ் போட்டு விற்கிறவர்களிடம் பணத்தைக் கட்டாதீர்கள்.

ஒல்லியான மருமகளிடம் இந்த மடலைக் காட்டி ‘ஓடு’ என்றும் சொல்லிவிடாதீர்கள். டென்மார்க்கில் கர்ப்பத்துக்கு முயன்ற 3,600-க்கும் மேற்பட்ட பெண்களைக் கவனித்து 2012இல் வெளியான ஆய்வில், நடை போன்ற மிதமான பயிற்சி செய்தவர்கள், எடை எதுவானாலும், சற்று விரைவில் கருவுற்றார்கள். கடும் பயிற்சி செய்தவர்களில் எடை கூடியவர்களைத் தவிர மற்றவர்களுக்கு நாள் கூடுதலாகவே பிடித்தது. சாப்பாடு பற்றாமல் ஓட்டம் மட்டும் அதிகமானால் மூளை மாதவிடாயையே நிறுத்திவிடும், ஓட்டப்பந்தய வீராங்கனைகள் சிலருக்கு நடப்பது அதுதான். அதோடு ரத்தசோகை. நான் முன்பு சொன்ன அதே குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல், நூற்றுக்கு 53 பேருக்கு, ரத்தம் குறைவு. படியேறினாலே மூச்சிரைக்கிற பெண்ணுக்கு ஹீமோகுளோபின் பார்த்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துத் தேற்றிய பிறகே பயிற்சி. ரத்த ஓட்டத்தைப் பற்றிக் கவலைப்படுகிற வீடு முதலில் ரத்தத்தைப் பற்றிக் கவலைப்படட்டும்.

சிகிச்சைக்குப் பிறகு படுக்கையில் போடுவதும் வழக்கமாகிவிட்டது. கருவைக் கருப்பைக்குள் வைத்து அனுப்பியதும் இரண்டு வாரம் கட்டிலை விட்டு இறங்க விடுவதில்லை. படுத்தே கிடப்பதால் கரு ஒட்டும் வாய்ப்பு கூடுவதில்லை என்று ஆய்வுகள் சொல்லிவிட்டன. கனத்த வேலையை விட்டுவிட்டு வழக்கம்போல் நடமாடலாம். ஊசிகளால் சினைப்பை வீங்கியிருக்கிறது, குதிக்காதே என்று டாக்டர் சொல்லியிருந்தால் அது வேறு, அதைக் கேட்க வேண்டும். ஆரம்பத்திலேயே கலைகிற கருக்களில் பாதியளவுக்குக் காரணம் குரோமோசோம் கோளாறு. ‘நீ அன்னிக்கு வாளி தூக்குனே, அதான்’ என்ற ஒரு பேச்சை ஒரு பெண் ஆயுசுக்கும் சுமப்பாள். அதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பையனைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டேன், நம் வீடுகளில் நடப்பதும் அதுதான். குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதி இடத்தில் ஆண் பக்கத்துக் குறையும் இருக்கிறது. மருமகளுக்கு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், ட்யூப் டெஸ்ட், சில நேரம் லேப்ராஸ்கோப்பி வரைக்கும் போன பிறகு, கடைசியில் தயங்கித் தயங்கிப் பையனை அனுப்புகிறோம். விந்தணுப் பரிசோதனைதான் இருப்பதிலேயே மலிவு, வலியில்லாதது, ஒரே நாளில் முடிவது. முதல் நாளே அதைச் செய்யச் சொல்லுங்கள். பீடி, சிகரெட், தண்ணி, தொப்பை எல்லாம் அவன் கணக்கிலும் எழுதப்படும். நடை அவனுக்கும் சேர்த்துத்தான்.

கெடுவையும் குறித்துக்கொள்ளுங்கள். சேர்ந்து வாழ்ந்து ஒரு வருசமாகியும் நிற்கவில்லை என்றால் இருவரும் சேர்ந்து டாக்டரிடம் போக வேண்டும். பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதம் போதும். மாதவிடாய் மாதக்கணக்கில் வராவிட்டால் காத்திருக்கவே வேண்டாம். ‘இன்னும் ஒரு மண்டலம் ஆசனம் செய்து பார்க்கலாம்’ என்று தள்ளுகிற ஒவ்வொரு வருசமும் சினைப்பையிலிருந்தே கழிகிறது.

மருமகள் நடக்க நேரம் எங்கே என்று கேட்டால், அதைக் கொடுக்க வேண்டியவர்கள் நாம். காலை ஆறு மணிக்குப் பால் கறக்கவோ, பேரப்பிள்ளை இருந்தால் பள்ளிக்குக் கிளப்பவோ, தோசை ஊற்றவோ அந்த அரை மணி நேரம் யாராவது நிற்க வேண்டும். நெடுஞ்சாலையில் லாரி வேகத்துக்கும் சங்கிலி பறிக்கிறவனுக்கும் பயந்து பெண்கள் முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டு நடப்பதை நான் பார்க்கிறேன். தாலிக்கொடியைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றோடு போகச் சொல்லுங்கள். அதில் ஒரு தோஷமும் இல்லை. நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு நடக்க முடியாது, சுடிதாரோ டிராக் பேண்டோ போடட்டும். மேம்பாலத்தின் கீழே வண்டிகளுக்கு நடுவே நடப்பதைவிட பொன்மலை அடிவாரமோ, பள்ளிக்கூட மைதானமோ, தோட்டத்துத் தடமோ நல்லது. நாலு வீட்டுப் பெண்கள் சேர்ந்து போனால் எதற்கும் பயமில்லை. நீங்களும் கூடப் போகலாம், ஆனால் வழியெல்லாம் ‘இந்த மாசம் எப்படி?’ என்று கேட்பதாக இருந்தால் வீட்டிலேயே இருந்து தோசை ஊற்றுங்கள்.

கடைசியாக ஒன்று. அடுத்த மாசம் எங்கள் வீதிப் பிள்ளையார் கோயில் முன்னால் பெண்களுக்குக் கும்மி வகுப்பு ஆரம்பிக்கப் பேசியிருக்கிறோம். குழந்தை பெற்றவள், பெறாதவள், வேண்டாமென்றவள், பேத்தி எடுத்தவள் எல்லோரும் வரலாம். யாரிடமும் ‘விசேஷமுங்களா’ என்று கேட்கக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. கேட்கிற அக்கா அன்றைக்கு எல்லோருக்கும் சுண்டல் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
கிணத்துக்கடவு